பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் உண்மை: கனடிய யூனிடேரியன் சபைகளில் நல்லிணக்கக் கல்வி

பிணங்கியோரை இணக்குதலைக் குறிக்க அரபு மொழியில் 'ஸுல்ஹ்', 'இஸ்லாஹ்' என்னும் இரு சொற்கள் பெருவழக்காக உள்ளன. இரண்டும் ஸாத், லாம், ஹா என்னும் ஒரே வேரெழுத்துகளிலிருந்து பிறந்தவை. கெட்டுப்போனது சீராதல் என்பதே அவ்வேரின் அடிப்படைப் பொருள். ஆகவே, இரு தரப்பாரும் வாய்மூடி அமைதியாகிவிடுவது மட்டும் ஸுல்ஹ் ஆகாது. எது கெட்டதோ அது சீராக வேண்டும். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஒன்பதாம் வசனம், சண்டையிட்ட இரு கூட்டத்தாரிடையே இணக்கம் செய்யுமாறு கட்டளையிடும்போது, அந்த இணக்கம் நீதியுடன் அமைய வேண்டும் என்பதை வலியுறுத்தியிருப்பது இவ்விடத்தில் நோக்கற்பாலது.

இரண்டு தனிமனிதர்களுக்கிடையே இது எளிதில் விளங்கும். ஆனால், ஓர் அரசும் சில திருச்சபைகளும் சேர்ந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு மக்களுக்கு இழைத்த அநீதி என்றால் யார் யாருடன் இணங்குவது? அநீதி இழைத்தோரில் பெரும்பாலோர் மண்ணுக்குள் போய்விட்டனர். இன்று உயிரோடிருக்கும் சிறு பிள்ளைகளுக்கு அதில் என்ன பங்கு? அவர்களிடம் அதைச் சொல்லத்தான் வேண்டுமா? இக்கேள்விகளை அண்மைக் காலத்தில் மிகக் கூர்மையாக எதிர்கொண்ட நாடு கனடா. அங்குள்ள யூனிடேரியன் சபைகள் இவற்றுக்குக் குடும்பம் குடும்பமாக விடை தேட முயல்வதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யூனிடேரியன்கள் யார்?

திரித்துவக் கொள்கையை மறுத்து, இறைவன் ஒருவனே என்று கூறிய கிறிஸ்தவச் சிந்தனையாளர்களின் மரபிலிருந்து தோன்றியதே யூனிடேரியன் இயக்கம். திரித்துவத்தை மறுத்து எழுதிய மிகேல் செர்வேட்டஸ் 1553இல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். 1568இல் திரான்சில்வேனியாவில், உஸ்மானியப் பேரரசின் மேலாண்மையை ஏற்றிருந்த மன்னர் ஜான் சிகிஸ்மண்டின் காலத்தில், டோர்டா நகரில் கூடிய அவை சமயப் போதகர்களுக்குத் தத்தம் விளக்கப்படி போதிக்கும் உரிமையை அளித்தது. அந்த நிழலில்தான் ஃபிரான்சிஸ் டேவிட் என்பாரின் தலைமையில் யூனிடேரியன் திருச்சபை நிலைபெற்றது. தமிழகத்துக்கும் இம்மரபு அந்நியமானதன்று. 1795ஆம் ஆண்டிலேயே சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்னும் தமிழர் ஒரு யூனிடேரியன் சபையை நிறுவியிருந்தார்.

இவ்வரலாற்றைக் கொண்டு இன்றைய யூனிடேரியன்களை நமது தவ்ஹீதுக்கு நெருக்கமானவர்கள் என்று கருதிவிடுவதற்கில்லை. அமெரிக்காவில் 1961இல் யூனிடேரியன், யூனிவர்சலிஸ்ட் அமைப்புகள் ஒன்றிணைந்தன. அதே ஆண்டில் கனடிய யூனிடேரியன் மன்றமும் உருவானது. இன்று அச்சபைகளில் இறைநம்பிக்கையாளரும் உண்டு, இறைமறுப்பாளரும் உண்டு. எல்லோரும் ஏற்க வேண்டிய விசுவாசப் பிரமாணம் என்று எதுவும் இல்லை. அவர்களை இணைப்பவை சில ஒழுக்கக் கோட்பாடுகளும், தேடலில் ஒருவருக்கொருவர் துணை நிற்போம் என்ற உடன்பாடுமேயாம்.

இந்த அமைப்பில் பிள்ளைகளின் கல்விக்குத் தனியிடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போஸ்டன் நகரின் போதகர் வில்லியம் எல்லரி சானிங், நமது கருத்துகளைப் பிள்ளைகளின் மனத்தில் முத்திரையிடுவது சமயக் கல்வியன்று, அவர்களின் சொந்த மனசாட்சியை எழுப்புவதே சமயக் கல்வி என்று 1837இல் வாதிட்டார். இன்றும் ஞாயிறு வழிபாட்டில் கிண்ண வடிவ விளக்கேற்றியதும் பிள்ளைகளை முன்னே அழைத்து, முதியோரும் சிறியோரும் சேர்ந்து கேட்கும்படி ஒரு கதை சொல்லும் வழக்கம் பல சபைகளில் உள்ளது. அதன் பின்னரே பிள்ளைகள் தங்கள் வகுப்புகளுக்குச் செல்வர். ஆண்டில் சில நாட்கள் வகுப்புகளை விடுத்து எல்லா வயதினரும் சேர்ந்தே அமர்வர். நல்லிணக்கம் குறித்த பாடங்கள் பெரும்பாலும் இத்தகைய கூட்டமர்வுகளில்தான் இடம்பெறுகின்றன.

காயத்தின் வரலாறு

கனடாவின் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, ஆங்கிலமோ பிரெஞ்சோ மட்டும் பேசும் கிறிஸ்தவர்களாக வார்த்தெடுக்கவென்று உருவாக்கப்பட்டவை உறைவிடப் பள்ளிகள். 1880களிலிருந்து மத்திய அரசு இவற்றுக்குப் பணம் கொடுத்தது. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், ஐக்கிய, பிரஸ்பிட்டேரியன் திருச்சபைகள் நடத்தின. 1920இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், 7 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளைக் கட்டாயமாக அனுப்பச் செய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. கடைசிப் பள்ளிகள் 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டன. ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் இவற்றின் வழியே சென்றனர். தாய்மொழி பேசினால் தண்டனை, தலைமுடி வெட்டப்படுதல், உடன்பிறந்தோரைக்கூடப் பிரித்து வைத்தல், பசி, காசநோய், உடல் வதை, பாலியல் கொடுமை என்பன அவர்களின் அனுபவம். அரசின் மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907லேயே இப்பள்ளிகளில் மரணங்கள் மலிந்திருப்பதை அறிக்கையாகத் தந்தார். அரசு அதனைப் புறக்கணித்தது. இறந்தோராக இதுவரை பெயரறியப்பட்ட பிள்ளைகள் மட்டும் 4,000க்கும் மேற்பட்டோர்.

உயிர் பிழைத்தோர் தொடுத்த வழக்குகளின் விளைவாக 2006இல் உடன்பாடு ஏற்பட்டது. 2008 ஜூன் 11இல் பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். நீதிபதி மர்ரே சின்க்ளேரின் தலைமையில் இயங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 6,500க்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைச் செவிமடுத்து, 2015இல் தன் அறிக்கையையும் 94 செயலழைப்புகளையும் வெளியிட்டது. நடந்தது பண்பாட்டு இனப்படுகொலை என்று அது பெயரிட்டது. அந்த ஆணையம் நல்லிணக்கத்துக்கு வகுத்த இலக்கணம் நான்கு படிகளைக் கொண்டது: நடந்ததை அறிதல், தீங்கை ஒப்புக்கொள்ளுதல், அதன் காரணங்களுக்குப் பரிகாரம் காணுதல், நடத்தையை மாற்றும் செயல்.

தவ்பாவின் நிபந்தனைகளைக் கற்ற எவருக்கும் இவ்வரிசை புதிதாகத் தோன்றாது. பாவத்தை விடுதல், வருந்துதல், இனிச் செய்யேன் என உறுதி பூணுதல் என்னும் மூன்றுடன், அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அவ்வுரிமையை உரியவரிடம் சேர்ப்பித்தல் என்னும் நான்காவதையும் இமாம் நவவி 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் குறிப்பிடுகிறார்.

"நாங்கள் நடத்தவில்லையே!"

கனடாவில் யூனிடேரியன்கள் உறைவிடப் பள்ளி எதையும் நடத்தவில்லை. எண்ணிக்கையில் சிறிய, தாராளச் சிந்தனை கொண்ட ஒரு குழுவினர் என்ற வகையில், இப்பழி எங்களுடையதன்று என்று ஒதுங்கிவிட அவர்களுக்கு இடம் இருந்தது. ஆயினும் ஆணையத்தின் அழைப்புகள் அந்த இடத்தை விட்டுவைக்கவில்லை. 48ஆம் அழைப்பு பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்தை ஏற்குமாறு, பள்ளி நடத்திய திருச்சபைகளோடு ஏனைய எல்லாச் சமயக் குழுக்களையும் சேர்த்தே கோரியது. 49ஆம் அழைப்பு, பிற மக்கள் வாழும் நிலத்தை ஐரோப்பியர் 'கண்டுபிடித்து' உரிமையாக்கிக் கொள்ளலாம் என்ற பழைய கோட்பாட்டை மறுதலிக்குமாறு அனைத்துச் சமயத்தாரையும் வேண்டியது. அமெரிக்க யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் சங்கம் இதனை 2012லேயே தன் பொதுப் பேரவையில் மறுதலித்திருந்தது. வத்திக்கான் அதனைச் செய்தது 2023 மார்ச்சில்.

எல்லைக்குத் தெற்கே பார்த்தால் கைகள் அவ்வளவு தூய்மையானவையும் அல்ல. அமெரிக்காவின் மொன்டானா பகுதியில் க்ரோ மக்களின் பிள்ளைகளுக்காக 1886இல் ஓர் உறைவிடத் தொழிற்பள்ளியைத் தொடங்கி, ஏறத்தாழ பத்தாண்டுகள் நடத்தியவர்கள் யூனிடேரியன்களே. சானிங்கின் கொள்கையைப் போற்றியவர்கள், பிறர் வீட்டுப் பிள்ளைகளின் மனத்தில் முத்திரையிடும் வேலையைக் கருணை என்று நம்பிச் செய்தனர். நல்லெண்ணம் அநீதிக்குத் தடையாக நிற்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குடும்பமாகக் கற்றல்

இப்பின்னணியில் கனடிய யூனிடேரியன் மன்றம் உண்மை, காயமாற்றுதல், நல்லிணக்கம் என்னும் தலைப்பில் சபைகளுக்கான பாட வழிகாட்டிகளை உருவாக்கியது. சபைகளில் நிகழும் செயல்களை வயதுக்கேற்ப மூவகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, கதை. செப்டம்பர் 30ஆம் நாள் கனடாவில் ஆரஞ்சுச் சட்டை நாள். 1973இல் ஆறு வயதுச் சிறுமியாக ஃபிலிஸ் வெப்ஸ்டாட், தன் பாட்டி வாங்கித் தந்த புத்தம் புதிய ஆரஞ்சு நிறச் சட்டையை அணிந்து, வில்லியம்ஸ் லேக் அருகிலிருந்த உறைவிடப் பள்ளிக்குச் சென்றார். முதல் நாளே அச்சட்டை பறிக்கப்பட்டது, திரும்பக் கிடைக்கவேயில்லை. அவர் 2013இல் பகிர்ந்த இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே அந்நாள். 2021 முதல் அதே நாள் நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க நாளாகவும் சட்டப்படி அனுசரிக்கப்படுகிறது. இதனையொட்டிய ஞாயிறன்று சபையினர் ஆரஞ்சு ஆடையில் வருவதும், அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதும் வழக்கமாகியுள்ளன. டேவிட் ராபர்ட்சன் எழுதி ஜூலி ஃபிளெட் படம் வரைந்த 'நாங்கள் தனித்திருந்தபோது' என்ற பொருளில் பெயரிடப்பட்ட 2016ஆம் ஆண்டு நூல் போன்ற படக்கதைகளும் பயன்படுகின்றன. பாட்டி ஏன் பளிச்சென்ற நிறங்களை உடுத்துகிறாள், ஏன் கூந்தலை நீள வளர்க்கிறாள், ஏன் க்ரீ மொழியில் பேசுகிறாள் என்று பேத்தி கேட்கிறாள். ஒவ்வொன்றும் பள்ளியில் தனக்கு மறுக்கப்பட்டது என்பதே பாட்டியின் விடை.

இம்முறையின் நுட்பம் கவனிக்கத்தக்கது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இனப்படுகொலை என்ற சொல் விளங்காது. ஆனால் ஆசையாய் வாங்கிய சட்டை பறிபோவது விளங்கும். உம்மாவை விட்டுப் பிரிக்கப்படுவது விளங்கும். கொடுமையின் முழுக் கோரத்தையும் காட்டி அச்சுறுத்தாமலும், பொய் சொல்லி மூடாமலும், இழந்தது எது என்பதிலிருந்து அப்பாடம் தொடங்குகிறது. தாயையும் பிள்ளையையும் பிரிப்போரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்ததையும், குஞ்சுகளை இழந்து தவித்த தாய்ப்பறவையிடம் அவற்றைத் திருப்பிவிடச் சொன்னதையும் அறிந்தவர்களுக்கு, இவ்வழியின் வலிமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, உடலால் உணரும் பயிற்சி. 1997இல் பூர்வகுடிகளோடு சேர்ந்து திருச்சபைகளின் கூட்டமைப்பு ஒன்று உருவாக்கிய 'போர்வைப் பயிற்சி' பல யூனிடேரியன் சபைகளில் நடத்தப்பட்டுள்ளது. தரையில் பல போர்வைகள் விரிக்கப்படும், அவையே நிலம். பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் காலணியைக் கழற்றிவிட்டு அவற்றின்மேல் உலவுவர். வழிநடத்துவோர் ஒப்பந்தங்கள், நோய்கள், சட்டங்கள், பள்ளிகள் என வரலாற்றை வாசிக்க வாசிக்க, போர்வைகள் மடிக்கப்பட்டுச் சுருங்கும். சிலர் நோயால் இறந்தவர்களாக வெளியேற்றப்படுவர். சிலர் உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களாகத் தனியே நிற்பர். இறுதியில் எஞ்சியோர் துண்டு துண்டான சிறு போர்வைகளில் ஒற்றைக் காலில் நிற்கும் நிலை வரும். பின்னர் எல்லோரும் வட்டமாக அமர்ந்து ஒருவர் பின் ஒருவராகப் பேசுவர். குறுக்கிடாமல் கேட்பதே அங்கு விதி. நிலம் பறிபோனதை நூலில் படிப்பதற்கும், தாயின் கண்முன்னே மகன் நிற்க இடமின்றி அகற்றப்படுவதைக் காண்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மூன்றாவது, செயல். பூர்வகுடிப் பிள்ளைகளின் நலனுக்காகப் பணியாற்றும் சிண்டி பிளாக்ஸ்டாக் தலைமையிலான சங்கம், பிள்ளைகளே பங்குபெறக்கூடிய இயக்கங்களை வகுத்துத் தந்துள்ளது. தாளிலும் அட்டையிலும் இதய வடிவங்கள் செய்து, பள்ளிகளில் மாண்ட பிள்ளைகளின் நினைவாகத் தோட்டத்தில் ஊன்றுவது அவற்றுள் ஒன்று. ஆண்டுதோறும் பிப்ரவரி 14ஐ ஒட்டி, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமான கல்வியும் நலச்சேவையும் வேண்டுமெனப் பிரதமருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதுவது மற்றொன்று. மே 10ஆம் நாள், ஐந்து வயதில் 2005இல் மருத்துவமனையிலேயே இறந்த ஜோர்டன் ஆண்டர்சனை நினைவுகூர்ந்து பிள்ளைகள் தங்கள் கரடிப் பொம்மைகளைக் கொண்டுவருவர். அக்குழந்தையின் வீட்டுப் பராமரிப்புக்குப் பணம் தருவது மத்திய அரசா மாநில அரசா என்ற தகராறு முடியாமையால், அவன் ஒரு நாளும் தன் வீட்டில் வாழாமலே மறைந்தான். இவ்விரண்டும் உறைவிடப் பள்ளிகள் மூடப்பட்ட பின்னரும் அநீதி தொடர்ந்ததைப் பிள்ளைகளுக்கு உணர்த்துகின்றன. பூர்வகுடிப் பிள்ளைகளின் நலச்சேவைகளில் மத்திய அரசு பாகுபாடு காட்டியது என்று மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016இல் தீர்ப்பளித்தது.

பிள்ளைகளின் கடிதத்தால் என்ன ஆகிவிடும் என்று எண்ணுவோர் அட்டவாபிஸ்கட் என்னும் வட ஒண்டாரியோ ஊரை நினைவிற் கொள்ளலாம். டீசல் கசிவால் மாசுபட்ட பள்ளி 2000இல் மூடப்பட, அவ்வூர்ப் பிள்ளைகள் தற்காலிகக் கொட்டகைகளில் படித்தனர். ஷானன் கூஸ்டாச்சின் என்ற சிறுமி புதிய பள்ளிக்காக நாடெங்கும் பிள்ளைகளைத் திரட்டினார். 2010இல் தமது பதினைந்தாம் வயதில் சாலை விபத்தில் அவர் மறைந்தார். பிள்ளைகளின் கடிதங்கள் நிற்கவில்லை. 2012இல் நாடாளுமன்றம் இது குறித்த தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 2014இல் பள்ளி திறக்கப்பட்டது.

எச்சரிக்கைகள்

இம்முயற்சிகளின் மீது விமர்சனங்கள் இல்லாமலில்லை. ஆரஞ்சுத் தாளில் சட்டை வெட்டி ஒட்டுவது ஒரு கைவேலைப் பொழுதாக முடிந்துவிடக் கூடும். வழிபாட்டின் தொடக்கத்தில் இது இன்ன மக்களின் பாரம்பரிய நிலம் என்று கூறும் வாசகம், கூறக் கூறப் பழகிப்போய் உதட்டளவில் நின்றுவிடக் கூடும். நிலம் பற்றிய உண்மையை ஒப்புக்கொண்ட பின், அதை ஒப்புக்கொண்டவர் அடுத்து என்ன செய்தார் என்ற பூர்வகுடியினரின் கேள்வி நியாயமானது.

யூனிடேரியன்களுக்கே உரிய மற்றோர் இடரும் உண்டு. எல்லாச் சமயங்களிலிருந்தும் நல்லதை எடுத்துக்கொள்வோம் என்னும் அவர்களின் மனப்பான்மை, பூர்வகுடிகளின் புனிதச் சடங்குகளையும் பொருட்களையும் அனுமதியின்றி எடுத்துப் பயன்படுத்துவதில் முடிவதுண்டு. நிலத்தை எடுத்ததற்கு வருந்தும் கூட்டத்தில் சடங்கையும் எடுத்துக்கொள்வது முரண் என்பதால், கொடுக்கப்படாததை எடுக்காதே என்ற பாடம் இன்று அவர்களின் கல்வியில் வலியுறுத்தப்படுகிறது. 2021 நவம்பரில் கனடிய மன்றம், இனவாதத்தையும் விலக்கிவைக்கும் தடைகளையும் தங்களிடத்திலும் தங்கள் நிறுவனங்களிலும் அகற்றுவதற்கான எட்டாவது கோட்பாட்டை ஏற்றது. தங்களிடத்தில் என்ற சொல்லே அதில் முக்கியமானது.

பாட்டனின் பாவமும் பேரனின் பொறுப்பும்

நம் வாசகர் மனத்தில் இவ்விடத்தில் ஒரு தடை எழுவது இயல்பு. ஒருவரின் பாவச்சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் கூறும் அடிப்படை. அவ்வாறாயின் இன்றைய பிள்ளையிடம் நூறாண்டுக்கு முந்தைய குற்றத்தைப் பேசுவது தகுமா?

இதற்கான விடை நமது வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது எனலாம். ஒருவர் இறந்தால் அவரது சொத்து வாரிசுகளுக்குப் பங்கிடப்படுமுன் அவரது கடன்கள் அடைக்கப்பட வேண்டும் என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் நிலைநாட்டுகின்றன. கடன் வாங்கியது தந்தை. மகன் அக்கடனால் பாவியாகிவிடவில்லை. ஆயினும் கடனுக்குரிய பொருளைத் தன் பங்கென்று உண்ண மகனுக்கு உரிமை இல்லை. பாவம் வாரிசாக வருவதில்லை. பிறர் உரிமை கலந்த சொத்து வாரிசாக வருகிறது. நல்ல யூனிடேரியன் ஆசிரியர் பிள்ளைகளுக்குச் சொல்ல முயல்வதும் இவ்வேறுபாட்டைத்தான்: நீ குற்றவாளி அல்லை, ஆனால் நீ வாழும் இந்த வீடு நிற்கும் நிலத்தின் கணக்கு இன்னும் முடியவில்லை. இதைச் சொல்லாமல் வளர்க்கப்படும் பிள்ளை, ஒருநாள் அதை வேறு வழியில் அறிந்துகொள்ளும்போது, பெற்றோர் மறைத்ததையும் சேர்த்தே அறிந்துகொள்கிறது.

கனடாவில் குடியேறியுள்ள தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது வெளியார் விவகாரமன்று. 48ஆம் அழைப்பின் எல்லாச் சமயக் குழுக்களும் என்ற சொல்லில் பள்ளிவாசல்களும் அடங்கும். ஆணையத்தின் கடைசி இரு அழைப்புகளான 93ம் 94ம் புதிதாகக் குடியேறுவோரைப் பற்றியவை. அவற்றின்படி 2021 ஜூனில் குடியுரிமை உறுதிமொழி திருத்தப்பட்டது. இன்று கனடியக் குடிமகனாகும் ஒவ்வொருவரும் முதற்குடிகள், இன்யூட், மெட்டி மக்களின் உரிமைகளையும் அவர்களோடு செய்யப்பட்ட ஒப்பந்தங்களையும் மதிப்பதாக வாக்களிக்கிறார். அந்நாட்டில் நேற்று வந்திறங்கியவருக்கும் அந்த வாக்கு பொருந்தும். வாக்குறுதிகளை நிறைவேற்றுமாறு அல்இஸ்ரா அத்தியாயத்தின் 34ஆம் வசனம் கட்டளையிடுவதோடு, வாக்குறுதி குறித்து விசாரணை உண்டு என்றும் எச்சரிக்கிறது.

ஆகவே, உறுதிமொழியைத் தாயும் தந்தையும் உரக்கச் சொல்லும் அந்நாளில் அருகில் நிற்கும் பிள்ளை, அதில் வரும் பெயர்கள் யாருடையவை என்று கேட்டால், சொல்வதற்கு அவர்களிடம் ஏதேனும் இருக்க வேண்டும். ஃபிலிஸின் சட்டையிலிருந்து தொடங்கலாம்.